பதில் மாப்பிள்ளையின் வலது பூட்ஸ்

முதலில் எனக்கு அநியாயம் செய்தது தியெரி பிரபு. அவரைக்கூடச் சொல்லக் கூடாது, அவருடைய வலது கால் கட்டைவிரல். பிறகுதான் என் மாமியார், அதற்குப் பிறகு பிஷப், அதற்கும் பிறகு மொத்தக் குடும்பமும். ஆனால் ஆரம்பம் அந்தக் கட்டைவிரல். அது மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்த மடத்து வாசலில் உட்கார்ந்து, மழைக்கு ஒதுங்குகிறவர்களின் ஈர பூட்ஸைக் கணப்பில் காயவைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உட்காருங்கள். அம்மா, நீ கணப்புப் பக்கம் வா. தம்பி, உன் பூட்ஸையும் கழற்று. தயங்காதே, திருப்பிக் கொடுப்பேன். கழற்றி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் இருக்கிற பழக்கமெல்லாம் பெரிய இடத்தில்தான்.

எங்கே போகிறீர்கள்? பிரெவானுக்கா? கோமகள் ஆதலைஸ் கட்டிய கோயிலுக்கா? ஓ. புரிந்தது. வெட்கப்படாதே அம்மா, இந்த வழியாகப் போகிற தம்பதிகளில் பாதிப் பேர் அதற்குத்தான் போகிறார்கள். அங்கே வெள்ளிப் பெட்டிக்குள் கோமகன் ஓதோனுடைய கல்யாண பூட்ஸ் இருக்கிறது, அதை முத்தமிட்டால் குழந்தை பிறக்கும். அப்படித்தானே சொன்னார்கள்?

முத்தமிடாதே அம்மா. என் பேச்சைக் கேள். அது என் பூட்ஸ். அந்த வருஷம் முழுக்க எனக்குச் சேற்றுப்புண்.

சிரிக்கிறாயா தம்பி? சிரி. கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் இந்தக் காலைப் பார். இடது காலில் பூட்ஸ் இருக்கிறது, வலது காலில் சாக்கு சுற்றியிருக்கிறது. பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பாய், உள்ளே வரும்போதே பார்த்தாய், நான் கவனித்தேன். கேள், சொல்கிறேன்.

உனக்கோ எனக்கோ கல்யாணம் என்றால் நாமே போய் நிற்க வேண்டும். கோமகனுக்கு அப்படி இல்லை. அவருக்கு வேட்டை இருக்கிறது, எல்லைச் சண்டை இருக்கிறது, பருந்துக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அதனால் தனக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்புவார். பதில் மாப்பிள்ளை. அந்தப் பதில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய், பிஷப் எதிரே, சாட்சிகள் எதிரே, பெண் படுத்திருக்கிற கட்டிலில் ஒரு காலை மட்டும் நீட்ட வேண்டும். வலது கால், முழங்கால் வரைக்கும் வெறும் கால். மீதி உடம்பு முழுக்க இரும்புக் கவசம். கால் பெண்ணின் காலில் பட்டதும் கல்யாணம் முடிந்தது, கடவுள் ஒப்புக்கொண்டுவிட்டார். கழற்றின பூட்ஸைப் பெண்ணின் தாய் எடுத்துப் பத்திரமாக வைப்பாள். கல்யாணம் நடந்ததற்கு அதுதான் அத்தாட்சி. சிரிக்காதே, சத்தியமாக இப்படித்தான். உலகத்தை ஆளுகிறவர்கள் இவர்கள்தான்.

எங்கள் கோமகன் ஓதோன் அனுப்பிய பதில் மாப்பிள்ளை தியெரி பிரபு. நான் பிரபுவின் குதிரைக்காரன். கல்யாணத்தன்று காலையில் பிரபுவின் கட்டைவிரல் பழுத்த அத்திப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. கீல்வாதம். வழியெல்லாம் வாத்து வாத்தாகத் தின்றால் வேறென்ன வரும்? மெல்லிய துணி பட்டாலே வீல் என்று கத்தினார்.

பெண்ணின் தாய் பெத்ரோனில் சீமாட்டி வந்து பார்த்தாள். மீசையுள்ள பெண்மணி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்தக் கால் என் மகள் கட்டிலுக்குள் போனால் இந்த மனிதர் கத்துவார். முதல் நாளே கத்துகிற மாப்பிள்ளையா? ஊர் என்ன பேசும்?" என்றாள். அந்த நேரம் பார்த்து நான் வெந்நீர் கொண்டுபோனேன். அதுதான் என் கெட்ட நேரம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் காலைக் காட்டு."

"எந்தக் கால், சீமாட்டி?"

"இரண்டும் உன்னுடையதுதானே? வலது."

சந்தையில் குதிரையைப் பார்க்கிற மாதிரி முட்டியைத் தட்டிப் பார்த்தாள், ஆடுசதையை அமுக்கிப் பார்த்தாள். "பரவாயில்லை. கழுவுங்கள்" என்றாள். கழுவினார்கள். பாதிதான் கழுவினார்கள், நேரமில்லை. பிறகு, கழற்றி வைத்த பூட்ஸைத் துடைத்து, வாத்துக் கொழுப்புத் தடவிப் பளபளக்க வைத்து, மறுபடி என் காலிலேயே மாட்டினார்கள். சாட்சிகள் எதிரே கழற்ற வேண்டுமே.

பிரபு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருடைய மேலங்கி தரையைத் தொட்டது. நான் அதற்குள்ளே, அவர் முதுகுக்குப் பின்னால், கட்டில் திரையைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தேன். என்னிடமிருந்து வெளியே தெரிந்தது அந்த ஒரு கால்தான். பெத்ரோனில் சீமாட்டி எல்லாரும் பார்க்க பூட்ஸை உருவினாள். கால் போர்வைக்குள் போனது. பிஷப்புக்குக் கண் மங்கல். போதாததற்குச் சமையல்கட்டிலிருந்து வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. மனிதர் மந்திரத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னார்.

அப்போது தலையணைப் பக்கமிருந்து ஒரு குரல். "யார் கால் இது?"

நான் கட்டில் திரையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"லாயம் மாதிரி நாறுகிறது."

"லாயத்துக்காரன் கால்தான், அம்மணி."

"பெயர்?"

"கோபெர்."

"கோபெர், நகத்தை வெட்டு. என்னைக் கீறுகிறாய்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தம் இல்லாமல் சிரிக்கிறாள், கட்டில் கிடந்து குலுங்குகிறது. பிஷப், "பாவம், நல்ல இடத்துப் பெண், பிறந்த வீட்டை நினைத்து அழுகிறது" என்றார். சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள்தான் ஆதலைஸ். அதற்குப் பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏற்கனவே ஆனவன் எப்படி மறுபடி செய்துகொள்வது? பாவம் இல்லையா? கடவுள் எந்தக் காலைப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்று நீயே யோசி தம்பி. நான் யாரிடமும் உரிமை கொண்டாடவில்லை. சும்மா சொல்கிறேன்.

விருந்து முடிந்ததும் நான் மாமியார் பெத்ரோனில் சீமாட்டியிடம் போனேன். "அம்மா, பூட்ஸ்."

"எந்த பூட்ஸ்?"

"என் பூட்ஸ்."

"அது கோமகனின் பூட்ஸ்."

"கோமகன் கால் அதற்குள் போனதே இல்லையே?"

"அடேய், இன்னொரு தடவை இதைச் சொன்னாயானால் உன் நாக்கை அறுத்து அந்த பூட்ஸுக்குள்ளேயே வைத்துத் தைப்பேன்."

அப்படிப்பட்ட மாமியார் எனக்கு.

திரும்பி வரும்போது மலைப்பாதை முழுக்கப் பனி. எல்லாரும் குதிரையில், பெண் பல்லக்கில், நான் ஒற்றை பூட்ஸோடு நடை. என் வலது கால் சுண்டுவிரல் அந்த மலையில்தான் எங்கேயோ இருக்கிறது. பாதி வழியில் அவள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, தன் கைக்குப் போட்டிருந்த நரித்தோல் உறையைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள். காலுக்குக் கையுறை! எவ்வளவு இளக்காரம் பார். போட்டுக்கொண்டேன், குளிர் அப்படி. ஆனால் மறக்கவில்லை.

பிரெவான் வந்ததும் தியெரி பிரபுவிடம் சொல்லி என்னைத் தன் லாயத்துக்கு வாங்கிக்கொண்டாள். எதற்கு? வாயைத் திறக்கிறேனா என்று கண்காணிக்க. வேறெதற்கு? தினமும் குதிரை பார்க்க வருகிற சாக்கில் வந்து, பத்துப் பேர் எதிரே, "கோபெர், நகம் வெட்டினாயா?" என்று கேட்பாள். யாருக்கும் ஒன்றும் புரியாது. எனக்குப் புரியும். கோமகள் என்றால் ராணிக்கு ஒரு படி கீழே, அப்பேர்ப்பட்டவளுக்கு என் நகத்தோடு என்ன வேலை?

கோமகன் எப்படி என்கிறாயா? கெட்டவர் இல்லை. அவருக்கு மூன்று விஷயம் தெரியும், மூன்றுமே பருந்து. பருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார், பருந்துக்குக் கேட்டுவிடும் என்று பெண்டாட்டியிடம் மெதுவாகப் பேசுவார். நாடு, வரி, வழக்கு எல்லாம் ஆதலைஸ் பார்த்துக்கொண்டாள். ஒரு மகன், ஏமார். இடி இடித்தால் மேஜைக்கு அடியில் போய்விடுவான், இப்போது அவன்தான் கோமகன். ஒரு மகள், மஹோ. அவள் இருக்கிறாளே, சரியான வாயாடி. எந்நேரமும் லாயத்தில்தான். கிழட்டுப் பெட்டைக் குதிரை மேல் ஏற்றிவிடு என்பாள். என் ஒற்றை பூட்ஸைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய செருப்பிலும் ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு என் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருவாள். கேலி! அந்த வயதிலேயே கேலி. ரத்தம் அப்படி.

கோமகன் ஓதோன் விலாங்கு மீன் தின்று செத்தார். முழு மீனை ஒரே வாயில். பருந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். அதோடு விட்டதா? கல்லறை காய்வதற்குள் அவருடைய தம்பி ஆன்சோ கிளம்பி வந்தான். "அந்தக் கல்யாணமே செல்லாது" என்றான். "தியெரிக்கு அன்றைக்குக் கீல்வாதம். கட்டிலுக்குள் போனது எவனோ குதிரைக்காரன் கால். கல்யாணம் இல்லையென்றால் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் இல்லை. நாடு எனக்கு." ஆதலைஸைக் கன்னிமாடத்தில் போட்டுப் பூட்டுவது, ஏமாரைச் சாமியாராக்குவது, மஹோவைத் தன் படைத் தலைவனுக்குக் கொடுப்பது, இதுதான் அவன் திட்டம். அந்தப் படைத் தலைவன் ஏற்கனவே இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்தவன். இரண்டு பேரும் படியில் வழுக்கி விழுந்தார்களாம்.

தியெரி பிரபு அப்போது உயிரோடு இல்லை. மாமியாரும் போய்விட்டாள், பூட்ஸ் மட்டும் மகளிடம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. மிச்சமிருந்த சாட்சி நான்தான். நான் என்றால், என் கால்.

ஆன்சோவின் வக்கீல் என்னைத் தேடி வந்தான். "உண்மையைத்தானே சொல்லச் சொல்கிறோம், கோபெர்? சொன்னால் உன் பூட்ஸ் உன் கைக்கு வரும். கையோடு தருகிறோம்" என்றான். தம்பி, அத்தனை வருஷத்தில் அதை என் பூட்ஸ் என்று சொன்ன முதல் மனிதன் அவன்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதே நாள் சாயங்காலம் குதிரைக்குத் தீனி வைக்கிற நேரம் ஆதலைஸும் வந்தாள். கறுப்பு உடையில், தனியாக. தீவன மூட்டை மேல் உட்கார்ந்தாள். நகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"நாளைக்கு உன்னைக் கேட்பார்கள்."

"தெரியும்."

"நான் சொல்லிக்கொடுக்க வரவில்லை."

"பின்னே என்ன, குதிரைக்குத் தீனி வைக்க வந்தீர்களா?"

"ஆமாம்" என்று ஒரு கை புல்லை அள்ளிப் போட்டாள். பிறகு, "கோபெர், என்னிடம் எதையாவது கேள். தருகிறேன்" என்றாள்.

"என் பூட்ஸ்."

"அதைத் தவிர."

"அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டாம்."

"அது பெட்டியை விட்டு வெளியே வந்தால் என் பிள்ளைகளுக்கு அப்பா இல்லை, தெரியுமா?"

"எனக்குச் சுண்டுவிரல் இல்லை, தெரியுமா?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. அதே பிஷப், இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. வக்கீல் கெட்டிக்காரன். "வாயால் சொல்வதெல்லாம் எதற்கு? பூட்ஸைக் கொண்டுவாருங்கள், இவன் காலில் மாட்டிப் பார்ப்போம்" என்றான். பெட்டியைத் திறந்தார்கள். வக்கீல் என் பூட்ஸை எப்படி எடுத்தான் தெரியுமா? இரண்டே விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல், மூக்கைச் சுளித்துக்கொண்டு. அப்போதே எனக்கு அவன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான். வேறு எதுவும் இல்லை. எதிர் வரிசையில் மஹோ உட்கார்ந்திருந்தாள், வளர்ந்த பெண், அத்தனை பேர் எதிரே ஒரு காலில் மட்டும் செருப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உட்கார்ந்தேன். மாட்டினேன்.

அம்மா, அது எப்படிப் போனது என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. தோல் காய்ந்திருந்தது, ஆனால் என்னை மறக்கவில்லை. குதிகாலில் நான் குதிரைப் போர்வையைக் கிழித்து வைத்துத் தைத்த சிவப்புக் கம்பளித் துண்டு, அது அப்படியே வந்து உட்கார்ந்தது. சுண்டுவிரல் இருந்த இடம் மட்டும்தான் காலி.

"பொருந்துகிறதா?" என்றார் பிஷப்.

ஆதலைஸ் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிக்கிறது, ஐயா" என்றேன்.

"நடந்து காட்டு" என்றான் வக்கீல்.

நடந்தேன். என் சொந்த பூட்ஸில், அத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பூட்ஸில், நொண்டி நொண்டி நடந்தேன். பொய் சொன்னதாக நினைக்காதே, கம்பளி ஒரு ஓரம் சுருண்டிருந்தது, கொஞ்சம் கடிக்கத்தான் செய்தது.

"கழற்று" என்றார்கள். அங்கேதான் வினை. கை போகவில்லை. அப்புறம் எனக்கு எப்போது கிடைக்கும்? உள்ளே விரல்களை மடக்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு காவலன் வந்து இழுத்தான், வரவில்லை. இன்னொருவன் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான், முதல் ஆள் பூட்ஸைக் கட்டிக்கொண்டான், இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தார்கள். நான் விடவில்லை. பெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் பூட்ஸ் கழன்று காவலன் மல்லாக்க விழுந்தான். வக்கீல் பல்லைக் கடித்தான்.

"கேட்டீர்களா, எவ்வளவு இறுக்கம்!" என்றார் கண் தெரியாத பிஷப். "இது இவனுடைய பூட்ஸாக இருக்கவே முடியாது."

தீர்ப்பு அதுதான். விடமாட்டேன் என்று நான் பிடித்த பிடிதான், அது என்னுடையது இல்லை என்பதற்குச் சாட்சியானது. எந்த ஊரிலாவது உண்டா இந்த அநியாயம்?

ஆன்சோ திரும்பிப் போனான். ஏமாருக்குப் பட்டம். எனக்கு? ஒரு வாரத்துக்குள் ஆதலைஸ் என்னை மூட்டை கட்டி இந்த மடத்து வாசலுக்கு அனுப்பிவிட்டாள். ஆன்சோவின் ஆட்கள் கத்தியோடு லாயத்தைச் சுற்றுகிறார்கள், இங்கே கல்சுவர் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, வைன் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னாள். மாப்பிள்ளையை வாசலில் உட்காரவைத்த குடும்பம் அது. நான் அப்படித்தான் சொல்வேன்.

ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் புது பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்புவாள். நல்ல கன்றுத்தோல், உள்ளே சிவப்புக் கம்பளி. நான் தொடுவதில்லை. வாங்கிக்கொண்டால் கணக்கு தீர்ந்துவிட்டதாக ஆகிவிடாதா? துறவிகளுக்குக் கொடுத்துவிடுவேன். இந்த மடத்தில் டக் டக் என்று நடக்கிறவர்கள் எல்லாரும் என் பூட்ஸில்தான் நடக்கிறார்கள்.

ஒரு தடவை அவளே இந்த வழியாகப் போனாள். கிழவியாகிவிட்டாள், பல்லக்கு. இதோ, இங்கே நிறுத்தச் சொன்னாள்.

"கோபெர், நகம் வெட்டினாயா?"

"பூட்ஸ் எங்கே?"

"ஏமாரிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, அது அப்பாவின் பூட்ஸ் என்கிறான். இப்போது அதற்குத் தனிப் பாதிரியார், தனித் திருவிழா. முத்தமிட்ட எவளோ ஒருத்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டதாம். நான் நினைத்தாலும் இனிமேல் என் கைக்கு வராது."

"அப்படியானால் கடன்."

"கடன்தான். இல்லை என்று சொன்னேனா?"

"கடனோடு போனால் மோட்சத்தில் உள்ளே விடமாட்டார்கள்."

"அங்கேயும் வாசலில் நீதானே உட்கார்ந்திருப்பாய்? விட்டுவிடு."

நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். பல்லக்கு குலுங்கிக்கொண்டே போயிற்று.

போன அறுவடைக்குச் செத்துப்போனாள். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, மணியடித்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை பார். இந்தக் குளிர்காலத்துக்கு பூட்ஸ் வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தாலும் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழை வருகிறதா என்று பார்க்கத்தான்.

மழை விட்டுவிட்டது. கிளம்புங்கள், இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டிவிடலாம். அம்மா, முத்தமிட்டே தீருவேன் என்றால் முத்தமிடு, பரவாயில்லை, சேற்றுப்புண் இத்தனை நாளில் செத்திருக்கும். ஆனால் குதிகால் பக்கம் விரலை விட்டுப் பார். சிவப்புக் கம்பளி தட்டுப்படும். தட்டுப்பட்டால், கிழவன் பொய் சொல்லவில்லை என்று உன் புருஷனிடம் சொல். குழந்தை பிறந்தால் கோபெர் என்று பெயர் வை. வைக்க மாட்டாய். இந்த வட்டாரம் முழுக்க என் பூட்ஸால் பிறந்த பிள்ளைகள், ஒன்று விடாமல் எல்லாம் ஓதோன். அதையும் கணக்கில் சேர்த்துதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தா தம்பி, உன் பூட்ஸ். அம்மா, இது உன்னுடையது. காய்ந்துவிட்டது. இரண்டிரண்டாக இருக்கிறதா, சரியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாசலில் இதுவரைக்கும் யாருடைய பூட்ஸும் திரும்பிப் போகாமல் இருந்ததில்லை.

எனக்குத்தான் ஒன்று வர வேண்டியிருக்கிறது.